அல்லிராணி கோட்டையும் எங்கள் ஒருநாள் சுற்றுலாவும்

பத்தாம் ஆண்டில் படித்தபோது நாங்கள் சென்ற ஒருநாள் சுற்றுலாவைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். சுற்றுலாக் கட்டுரை என்றால் புறப்பட்ட நேரம், கண்ட இடங்கள், உண்ட உணவு, இறுதியில் நன்றி என்று எழுதி முடித்துவிடலாம். அப்படித்தான் 1995இல் வகுப்பில் எழுதிக் கொடுத்துப் புள்ளியும் வாங்கினோம். அந்தக் கட்டுரையில் நாங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து அதையும் சேர்த்து எழுத இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு முன்னர் பெண் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மாவட்டத்தைத் தாண்டிப் போக எந்த அதிபர்தான் துணிவார்? மார்ச் தொடக்கத்தில் நோன்புப் பெருநாள் வந்து போயிற்று. "இந்த நேரத்த விட்டா இனி எப்ப வருமோ தெரியாது" என்று சமூகக்கல்வி டீச்சர் அதிபரிடம் நின்று அனுமதி வாங்கினார். அவர் சொன்னது பலித்தது. ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலையில் கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டுப் போர் மீண்டும் மூண்டது. எங்களுக்குப் பின் வந்த வகுப்புகள் நெடுங்காலம் சுற்றுலா என்பதையே அறியவில்லை.

இராசதானிகளைப் பார்ப்பதுதான் திட்டம். சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம். அதிபரின் கடிதமும் எல்லாருடைய பெயர்ப் பட்டியலும் டீச்சரின் கைப்பையில் இருந்தன. வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலின் மணம் நிக்கவெரட்டிய வருமுன்னரே பஸ் முழுவதும் பரவிவிட்டது. முதலில் யாப்பகுவா, பிறகு பண்டுவஸ்நுவர, அங்கிருந்து சிலாபத்துக்கு இறங்கிக் கரையோரமாக வீடு திரும்புதல். இரண்டு அரசர்களின் இரண்டு தலைநகரங்களை ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்று டீச்சர் கணக்குப் போட்டிருந்தார்.

யாப்பகுவாவில் முதலில் எங்களைக் கவர்ந்தது அரசனல்ல, சிங்கம். அன்றைய பத்து ரூபாய்த் தாளில் இருந்த அதே சிங்கம் படிக்கட்டின் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆளுக்கொரு பத்து ரூபாயை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சீனத்துச் சிங்கம் போல இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். அது வெறும் உவமை என்று நினைத்தோம். அந்த மலையடிவாரத்தில் சீனப் பீங்கான்களும் சீன நாணயங்களும் தோண்டி எடுக்கப்பட்டதைப் பின்னாளில்தான் வாசித்தோம்.

யாப்பகுவாவைத் தலைநகராக்கி 1272 முதல் 1284 வரை ஆண்டவன் முதலாம் புவனேகபாகு. புத்தரின் புனிதப் பல்லும் அவன் காலத்தில் இங்கேதான் இருந்தது. செங்குத்தான படிக்கட்டு, அதன் இருபுறமும் ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோருமாகச் சிற்பங்கள், உச்சியில் அழகான வாசல். மூச்சு வாங்க ஏறி அந்த வாசலுக்குள் நுழைந்தால் உள்ளே ஒன்றுமில்லை. சுவர் அடியும் புல்லும் வானமும் மட்டுமே. "அரமனை எங்க டீச்சர்?" என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. கல்லால் கட்டியது நின்றது, மரத்தால் கட்டியது போய்விட்டது என்றார் டீச்சர். அன்று கேட்டவற்றுள் இன்றுவரை மறக்காத பாடம் இதுதான்.

இந்த அரசனைப் பற்றி எங்கள் பாடநூல் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1283இல் புவனேகபாகுவின் தூதர்கள் எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனிடம் கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். கொண்டுபோன கடிதத்தை அங்கே வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தூதர்கள் வாய்மொழியாகவே செய்தியைச் சொன்னார்கள். தம் அரசனிடம் முத்தும் மாணிக்கமும் யானையும் கறுவாவும் கப்பலும் உண்டு, எகிப்தோடு வாணிபம் செய்ய விரும்புகிறான் என்பது அதன் சாரம். மாணிக்கம் மலைநாட்டில் கிடைக்கும். முத்து எங்கே கிடைக்கும்? மன்னாரிலிருந்து சிலாபம் வரை நம் கரைக்கு எதிரே கடலடியில் கிடக்கும் முத்துப் பார்களில்தான். உள்நாட்டு மலையொன்றில் இருந்துகொண்டு அவன் கெய்ரோவுக்கு விலை பேசியது எங்கள் கடலின் பொருளை. அன்று படிக்கட்டில் நின்றபோது இது எங்களுக்குத் தெரிந்திருந்தால், யாப்பகுவாவை வேற்றூராகப் பார்த்திருக்க மாட்டோம்.

புவனேகபாகுவுக்குப் பின் பாண்டியன் குலசேகரனின் படை ஆரியச்சக்கரவர்த்தி என்ற தலைவனோடு வந்து, தந்தத்தைப் பாண்டிநாட்டுக்கு எடுத்துச் சென்றது. மூன்றாம் பராக்கிரமபாகு தானே அங்கு போய், பேசி, அதை மீட்டு வந்தான் என்று சூளவம்சம் கூறும். ஆரியச்சக்கரவர்த்தி என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் மறுபடி வரும்.

எழுதாமல் விட்டதாகச் சொன்ன சம்பவம் இங்கேதான் நடந்தது. உச்சி வாசலில் எல்லாரும் நின்றபோது, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, சாதாரணமாக வாய் திறக்காதவள், சொன்னாள்: "எங்கட ஊர்லயும் அரமனை ஒண்டு இருக்கு டீச்சர். அல்லிராணிட கோட்டை. கடலோரத்தில."

அவள் 1990ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கு வந்தவள். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வீடு, தோட்டம், கடை, பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்டு நீங்கினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். தோழியின் குடும்பம் சிலாவத்துறைப் பக்கம். கிடுகுக் கொட்டிலொன்றில் இருந்துதான் எங்களோடு படிக்க வந்தாள். எல்லாருக்கும் வெள்ளைச் சீருடைதான். ஆனால் யார் முகாம் பிள்ளை, யார் ஊர்ப் பிள்ளை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"முகாமுக்குள்ள அரமனையா?" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தோம். "அப்படியா மகள், பிறகு சொல்லுங்க" என்று டீச்சர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தப் பிறகு வரவில்லை. இறங்கி அடுத்த இடத்துக்குப் புறப்பட்டோம்.

பண்டுவஸ்நுவர சமதரையில் கிடக்கும் பெரிய பாழ்நகரம். முதலாம் பராக்கிரமபாகு பொலன்னறுவையில் முடிசூடுமுன்னர், 12ஆம் நூற்றாண்டில், தக்கிணதேசத்தை ஆண்ட காலத்துப் பராக்கிரமபுரம் இதுவே என்று ஆய்வாளர் கருதுவர். மாளிகையின் அத்திவாரமும் நிசங்கமல்லன் வந்து போனதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தது அரண்மனையின் மலசலகூடத்தைக் கண்டு. (பிற்காலத்தில் எங்களுள் வைத்தியம் படித்தவர்களுக்கு அந்தக் கல்லைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை. கிராமங்களில் மலசலகூடம் கட்டச் சொல்லித் தொண்டை வறண்ட பிறகு, 800 ஆண்டுகளுக்கு முந்திய அந்த மேசனுக்குக் கும்பிடு போடத்தான் தோன்றுகிறது.)

அங்கே வட்டமான அகழிக்குள் ஒரு மேடு உண்டு. ஒற்றைத் தூண் மாளிகை இருந்த இடம் என்று ஊரார் சொல்வார்கள். இவளுக்குப் பிறக்கும் மகன் மாமன்மாரைக் கொல்வான் என்று குறி சொன்னதால் இளவரசி உன்மாதசித்திராவைச் சகோதரர்கள் ஒற்றைத் தூண் மேல் கட்டிய வீட்டில் அடைத்து வைத்தார்களாம். அப்படியும் அவள் காதலித்தாள், பண்டுகாபயனைப் பெற்றாள். கதை மகாவம்சத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வீடு இந்த இடத்தில்தான் இருந்தது என்பதற்கு ஊர் வாய்தான் சான்று. டீச்சர் அந்தக் கதையை மிக அழகாகச் சொன்னார். நாங்கள் வாயடைத்துக் கேட்டோம். சான்று எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சிரிக்கவுமில்லை. எங்கள் தோழியும் எங்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் சிலாபம் வந்து வடக்கே திரும்பினோம். களப்பில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "எங்கட பக்கம்தான் ராசாவும் இல்ல, கோட்டையும் இல்ல. உப்பும் கருவாடும்தான்" என்று பின் இருக்கையிலிருந்து ஒருத்தி பகிடியாகச் சொன்னாள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அது எவ்வளவு பெரிய பிழை என்பதை எங்களுள் ஒருத்தி பல்கலைக்கழக நூலகத்தில் இப்னு பதூதாவின் பயணநூலை எடுத்துப் புரட்டியபோது கண்டுகொண்டாள்.

மொரோக்கோவின் தஞ்சாவில் பிறந்த அந்தப் பயணி மாலைதீவிலிருந்து புறப்பட்டு 1344இல் இத்தீவில் இறங்கிய துறைக்கு அவர் எழுதும் பெயர் பத்தாலா. அது நம் புத்தளம் என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. இறங்குவதற்கு மாலுமிகள் அஞ்சினார்கள். இங்குள்ள மன்னன் கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல் வைத்திருப்பவன் என்றார்கள். பதூதா துணிந்து இறங்கினார். சிறிய, அழகான ஊர், சுற்றிலும் மரத்தாலான மதில், மரத்தாலான காவற்கோபுரங்கள். கரையெங்கும் ஆறுகள் அடித்து வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன. மலபாரிலிருந்தும் மஃபர் என்னும் சோழ பாண்டியக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, ஈடாக மன்னனுக்குத் துணி கொடுப்பார்களாம்.

மன்னனின் பெயர்? ஆரியச்சக்கரவர்த்தி. யாப்பகுவாவைத் தாக்கிய தலைவனின் பெயரையே பட்டமாகக் கொண்டு யாழ்ப்பாணத்தை ஆண்ட மரபினன். அவன் பாரசீகமொழி அறிந்தவன். பதூதாவை மூன்று நாள் விருந்தினராக வைத்திருந்தான். தன் முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துகளைத் தரம் பிரித்துக் காட்டி, இவற்றைவிட நல்லதை எங்கேனும் கண்டீரா என்று கேட்டான். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணமொன்றும் அவனிடம் இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் நபியின் பாதம் பதிந்த மலைக்குப் போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் பதூதா. பல்லக்கும் அதைத் தூக்க ஆட்களும் கொடுத்தான். வழித்துணையாக நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் தோழர் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். ஓர் இந்து மன்னனின் வாசலிலிருந்து ஒரு முஸ்லிம் யாத்திரிகர், யோகிகளும் பிராமணரும் உடன்வர, பௌத்தர்களும் வணங்கும் மலைக்குப் புறப்படுகிறார். நாங்கள் சந்தைக்குப் போகும் ஊரிலிருந்து!

அவர் வழியில் கடந்த துறைகளில் ஒன்று பந்தர் ஸலாவாத். அதைச் சிலாபம் என்று அடையாளம் காண்பார்கள். முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம் என்று பெயர். அதிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பர். ஆக, ராசாவும் இல்லை கோட்டையும் இல்லை என்று பகிடி சொல்லிக்கொண்டு நாங்கள் பஸ்ஸில் கடந்து வந்தது பதூதா பல்லக்கில் போன தடத்தை. அந்த மதிலும் கோபுரமும் மரம். டீச்சர் யாப்பகுவாவில் சொன்னது போலவே அவை போய்விட்டன.

புத்தளத்து அரண்மனையே உண்மையென்றால் தோழி சொன்ன அரண்மனை? அதைப் பார்க்கப் போர் முடிய வேண்டியிருந்தது. 2009இல் முடிந்தது. 2010இல் வில்பத்துக் காட்டின் ஊடான பழைய புத்தளம் - மன்னார் வீதி திறந்தது. 2012இல் நாங்கள் ஏழு பேர் ஒரு வானில் போனோம். எலுவாங்குளத்தில் கலா ஓயாத் தாம்போதியைக் கடந்தால் செம்மண் பாதையும் காடும்தான்.

அந்தக் காட்டுக்குள் இருப்பவை கொஞ்சமல்ல. பொன்பரப்பியில் ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. திருநெல்வேலிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஒப்பிடுவார்கள். கரையோரம் செம்மண் மேடாக எழும் குதிரைமலையை, ரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிடும் ஹிப்புரொஸ் துறையாகக் கொள்வோர் உண்டு. கிளவுதியஸ் பேரரசர் காலத்தில் வரி அறவிடும் ஒருவனின் ஆள், அரேபியக் கரையிலிருந்து காற்றில் அடிபட்டு வந்து ஒதுங்கிய துறை அது. ஹிப்பொஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை. அல்லிராணியின் தலைநகர் அந்தக் குதிரைமலைதான் என்று எங்கள் மூத்தம்மாமார் சொல்வார்கள். தமிழ்நாட்டு அல்லி அரசாணி மாலையில் அவள் மதுரையை ஆண்டவள், அருச்சுனனுக்கு அடங்க மறுத்தவள். இக்கரையில் அவளே முத்துக்குளிப்பின் அரசி, அரபிகளோடு விலை பேசியவள். குவேனியின் மாளிகை என்று ஊரார் காட்டும் இடமும் இதே காட்டில் உண்டு. குவேனி, உன்மாதசித்திரா, அல்லி: ஏடுகளும் கல்வெட்டுகளும் அரண்மனைகளை ஆண்களுக்கு எழுதி வைத்திருக்க, ஊர்க்கதைகள் மட்டும் ஏனோ பெண்களுக்குக் கட்டிக் கொடுத்திருக்கின்றன. பெண்கள் பாடசாலையில் படித்த எங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படுகிறது.

காடு முடிந்தால் மறிச்சுக்கட்டி. 1905, 1906இல் முத்துக்குளிப்புக்காக இந்த மணலில் ஒரு முழு நகரமே முளைத்து, சில கிழமையில் மறைந்தது. கல்லைக் காலில் கட்டி மூழ்கும் குளிகாரர், சுறாவை மந்திரத்தால் கட்டும் கடற்கட்டி, வியாபாரிகள், காவலர். 1906இல் அங்கே கடமை பார்த்த இளம் அதிகாரிகளில் லெனார்ட் வூல்ஃபும் ஒருவர். சிப்பியை அடைப்புகளில் குவித்து அழுக விட்டுத்தான் முத்தை எடுப்பார்கள். நாற்றமும் ஈயும் சொல்லி முடியாது. கொலரா பயம் எப்போதும் உண்டு. அரசர்களின் கழுத்தில் ஏறுமுன் முத்து கடந்து வந்த பாதை அது.

அரிப்பு என்பது அந்த ஊரின் பெயர். (வைத்தியர்களுக்கு அரிப்பு என்றால் வேறு, வானில் அன்று அந்தப் பகிடி போதியளவு ஓடியது.) பத்தொன்பது ஆண்டு கண்டியரசில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டை இங்கேதான். அதற்கு அப்பால், கடலை நோக்கிய செம்மண் மேட்டின் விளிம்பில், தோழி சொன்ன அரண்மனை நின்றது. செங்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும். உயரமான சுவர்கள், பருத்த தூண்கள், கூரையில்லை. ஒரு பகுதி ஏற்கெனவே கடலுக்குள் சரிந்திருந்தது. அதன் பின்னரும் கடல் விட்டபாடில்லை.

இந்தக் கட்டடத்தைக் கட்டியவர் இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த். 1801 முதல் 1804 வரை, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்கென்று, கிரேக்க டொரிக் முறைத் தூண்களோடு தாமே வரைந்து கட்டுவித்தார். டொரிக் என்பதே ஆவணங்களில் இதன் பெயர். 1807இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட குருவானவர் ஜேம்ஸ் கோர்டினர், தீவிலேயே மிக அழகிய கட்டடம் என்று இதைப் புகழ்ந்தார். வெள்ளையாக நின்ற அதைக் கப்பல்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டனவாம். அப்படியானால் அல்லிராணி? அவளுக்கும் இந்தச் செங்கல்லுக்கும் சம்பந்தமில்லை. வரலாறாக அது நில்லாது. ஆனால் நோர்த் இருந்தது சில ஆண்டுகள். அவர் போன பிறகு இருநூறு ஆண்டுகளாக அதன் நிழலில் ஆடு மேய்த்தவர்களும் வலை உணக்கியவர்களும் வைத்த பெயர் அல்லிராணி கோட்டை. இரண்டு பெயரையும் நாங்கள் எழுதுவோம்.

தோழி அங்கேயே எங்களுக்காகக் காத்து நின்றாள். காடாகிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி, குடும்பத்தோடு மீளக் குடியேறி ஓராண்டு ஆகியிருந்தது. வாசித்துக்கொண்டு போனதையெல்லாம் ஒப்புவித்தோம். பொறுமையாகக் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியும்டி. வாப்பா தொரைட பங்களா எண்டுதான் சொல்லுவார். உம்மாதான் அல்லிராணிட கோட்டை எண்டு சொல்லுவா."

"அப்ப நீ ஏன் அண்டைக்கு அரமனை எண்டு சொன்ன?"

"எங்கட ஊரெண்டு ஒண்டு இருக்கு எண்டு சொல்லத்தான். நீங்க முகாமப் பத்தி மட்டும்தானே கேப்பீங்க."

யாப்பகுவாவில் சிரித்ததை நாங்களாகவே எடுத்துப் பேசினோம். மன்னிப்பு என்ற சொல்லை யார் முதலில் சொன்னோம் என்று நினைவில்லை. அவள் அதை மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டுதான் போயிருந்தோம். அவள் மறக்கவில்லை. முதலில் சிரித்தவள் யார் என்பதையும் விரலை நீட்டிக் காட்டினாள். சரியாகவே காட்டினாள்.

பிறகு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பாதி கட்டிய சுவர்; மேலே தகரம். தேநீரும் பொரித்த மீனும் தந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு பார்சல் கருவாடு கட்டி வைத்திருந்தாள். இருட்டுமுன் காட்டைக் கடக்க வேண்டும் என்று எங்களை அவசரப்படுத்தியவளும் அவள்தான். வான் வீதிக்கு ஏறும்போது திரும்பிப் பார்த்தோம். அவளுடைய சின்ன மகள் கோட்டைப் பக்கம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.